ஒரே வரியில் வந்த மறுப்பு: மாற்றங்கள் செய்த ஒரு காரின் வாரண்டி ஆய்வு

"வாகனத்தில் வெளி உதிரிபாகங்கள் பொருத்தப்பட்டுள்ளன. எனவே வாரண்டி பொருந்தாது." சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் கார்டின் (வேலைச் சீட்டின்) அடியில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. காரில் இருந்ததோ மூன்று புகார்கள். எஞ்சினில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் நின்றுபோயிருந்தன. முன் வலது சக்கரத்தில் இரைச்சல். மூன்றுக்கும் சேர்த்து இந்த ஒரு வரிதான் பதில்.

வண்டிகளில் ஏற்படும் பழுதுக்கு என்ன காரணம் என்று பிரித்துப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் போனேன். சர்வீஸ் சென்டர் மேலாளர் தடை சொல்லவில்லை. "தாராளமா பிரிச்சுப் பாருங்க சார், எங்க ஆளுங்களையும் கூட வெச்சுக்கோங்க" என்றார். இப்படிப்பட்ட ஒத்துழைப்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இந்த ஆய்வு ஒழுங்காக நடந்ததற்குப் பாதிக் காரணம் அந்த மேலாளர்தான்.

வண்டியின் விவரம் இது. 4 சிலிண்டர், 1.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின். வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. வாங்கி 26 மாதம் ஆகியிருந்தது, ஓடியது 43,200 கிலோமீட்டர். சர்வீஸ் எதையும் தவறவிடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள் இரண்டு: 17 அங்குல அலாய் வீல்கள், ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்புகளும் அதற்கான ரிலே கிட்டும் (ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்). இவை தவிர எஞ்சினின் இழுவையைக் கூட்ட 'டியூனிங்' செய்திருப்பதாக சர்வீஸ் சென்டர் சந்தேகப்பட்டது. உரிமையாளர் அப்படி எதுவும் இல்லை என்றார்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு தரப்பிடமும் ஒன்றைச் சொல்லிவிட்டேன். வாரண்டி என்பது வண்டி முழுவதையும் மூடிய ஒரே போர்வை கிடையாது. உடைந்த ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது உற்பத்திக் குறையால் போனதா, மாற்றிப் பொருத்திய பொருளால் போனதா, இரண்டும் இல்லாத வேறு காரணத்தாலா? அலாய் வீல் போட்டதால் ஜன்னல் கண்ணாடி ஏறாமல் போகாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த ஒற்றை வரி மறுப்பு இதைத்தான் மறந்திருந்தது.

எஞ்சின்

முதலில் ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவைப் படித்தோம். ஈசியூவில் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதியிருந்தால் சில தடயங்கள் கிடைக்கும். அந்த மென்பொருளுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல ஈசியூக்கள் தனியாக வைத்திருக்கும். பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அந்தக் கணக்கு குறையாது. சில நிறுவனங்கள் அப்படிப்பட்ட வண்டிகளைத் தங்கள் கணினியிலேயே குறித்து வைக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 'டிடி1' குறியீடு இந்த வகையில் பெயர்பெற்றது. அது ஒருமுறை விழுந்தால் எந்த டீலரிடம் போனாலும் திரையில் தெரியும்.

இந்த வண்டியில் சரிபார்ப்பு எண் தொழிற்சாலை எண்ணோடு அப்படியே பொருந்தியது. எழுதிய கணக்கிலும் சந்தேகம் இல்லை. "ஈசியூவைத் தொட்டிருக்கிறார்கள்" என்று சர்வீஸ் சென்டர் சொன்னதற்கு ஈசியூவுக்குள் ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. உரிமையாளர் முகம் தெளிந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நானும் அவர் பக்கம்தான் இருந்தேன்.

அப்புறம் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடி முழுக்கத் தூசி படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய செவ்வகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. இரட்டைப் பக்க டேப்பின் பசை. அங்கிருந்து கண்ணை, நான்கு சிலிண்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலுக்குக் கொண்டுபோனேன். ரெயில் பிரஷர் சென்சரின் கனெக்டரில் பூட்டுக் கொக்கி உடைந்திருந்தது. கழன்று வராமல் இருக்க ஒரு சின்ன கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தொழிற்சாலையில் யாரும் அங்கே கேபிள் டை போடுவதில்லை.

உரிமையாளரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்துச்சு சார். ஒரு வருஷமா ஓடிட்டிருந்துச்சு. வண்டி நின்ன அன்னிக்கே கழட்டிட்டேன்" என்றார். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த டியூனிங் பாக்ஸை எடுத்து வந்து தந்தார்.

இந்தப் பெட்டி செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் தீர்ப்பு புரியும். காமன் ரெயிலில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதை சென்சர் ஒரு மின்னழுத்தமாக ஈசியூவுக்குச் சொல்லும். டியூனிங் பாக்ஸ் நடுவில் உட்கார்ந்து அந்த அளவைக் குறைத்துச் சொல்லும். ரெயிலில் உண்மையில் 1,600 பார் இருக்கும்போது 1,450 தான் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் செய்தி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஈசியூ இன்னும் ஏற்றும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது. ஆனால் கூடுதல் அழுத்தத்தில் கூடுதல் டீசல் உள்ளே போகும். இழுவை அதிகமாகும், ஓட்டுபவருக்கு சந்தோஷமாக இருக்கும். ஈசியூவுக்கோ எதுவும் தெரியாது. அதன் மென்பொருளை யாரும் தொடவில்லையே, சரிபார்ப்பு எண் எப்படி மாறும்?

ஆனால் கூடுதல் டீசல் கூடுதல் சூட்டையும் கொண்டுவருகிறது. பிஸ்டன் அலுமினியக் கலவை. ஏறக்குறைய 570 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். எரியும் வாயுவின் சூடு அதைவிடப் பல மடங்கு. பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம், வாங்கிய சூட்டை ரிங்குகள் வழியாக சிலிண்டர் சுவருக்கும், கீழிருந்து பீய்ச்சும் ஆயிலுக்கும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்பதுதான். டீசல் பிஸ்டனின் தலையில் ஒரு கிண்ணம் போன்ற குழி இருக்கும். அந்தக் குழியின் விளிம்புதான் மிகவும் சூடாகும் இடம். முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். 3-ஆவது பிஸ்டனின் விளிம்பு ஒரு பக்கம் உருகி வழிந்து, மேல் ரிங் வரை தின்றுபோயிருந்தது. மற்ற மூன்றும் வெறும் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தன.

இங்கே அவசரப்படக் கூடாது. பெட்டி இருந்தது, பிஸ்டன் உருகியது, அதனால் பெட்டிதான் காரணம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஒரே ஒரு பிஸ்டன் உருகுவதற்கு நிறுவனத்தின் பக்கம் நியாயமான காரணங்கள் இரண்டு இருக்கலாம். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் மூக்கு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பிஸ்டன் மட்டும் உருகும். அந்த பிஸ்டனுக்குக் கீழே ஆயில் பீய்ச்சும் நாசில் அடைத்திருந்தாலோ, கோணம் தவறியிருந்தாலோ அதுவும் அப்படியே நடக்கும். இரண்டுமே உற்பத்திக் குறையாக இருக்கலாம். அப்படி இருந்தால், பெட்டி மாட்டியிருந்தாலும் நிறுவனம் தப்ப முடியாது.

நான்கு இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்ச்சில் ஏற்றினோம். 3-ஆவது இன்ஜெக்டர் சொட்டவில்லை, தெளிப்பு சீராக இருந்தது, ரிட்டர்ன் அளவு (திரும்பி வழியும் டீசல்) வரம்புக்குள் இருந்தது. ஆயில் நாசிலில் மெல்லிய கம்பி தடையில்லாமல் போய் வந்தது. கோணமும் மற்ற மூன்றோடு ஒத்திருந்தது. இரண்டு காரணங்களும் விழுந்தன.

மிச்சமிருந்தது ஒரு சோதனை. நன்றாகத் தெரிந்த மற்ற மூன்று பிஸ்டன்களையும் கழுவி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துவிட்டுக் காத்திருந்தோம். சில நிமிடங்களில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடுகள் மெல்ல எழுந்தன. மூன்றிலும் கிண்ணத்தின் விளிம்பில், தலைமுடி கனத்தில் விரிசல்கள். ஒன்றில் இரண்டு, மற்ற இரண்டில் மூன்று மூன்று. பக்கத்தில் நின்ற உரிமையாளர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாமே போயிருக்கும் இல்ல சார்" என்றார்.

போயிருக்கும். நான்கு பிஸ்டன்களும் ஒரே மாதிரி சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. 3-ஆவது முதலில் தோற்றது, அவ்வளவுதான். நான்கு சிலிண்டரையும் ஒரே நேரத்தில் வாட்டக்கூடியது நான்குக்கும் பொதுவான ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரெயில் அழுத்தம் நான்குக்கும் பொது. எஞ்சின் புகாரில் மறுப்பு சரி என்று எழுதினேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன்: சர்வீஸ் சென்டர் சரியான முடிவுக்குத் தவறான காரணத்தைச் சொன்னது. ஈசியூ மாற்றப்பட்டது என்ற அவர்களின் குற்றச்சாட்டு மட்டும் கையில் இருந்திருந்தால், இந்த உரிமையாளர் எந்த நுகர்வோர் மன்றத்திலும் ஜெயித்திருப்பார்.

ஜன்னலும் சென்ட்ரல் லாக்கும்

இந்தப் புகாரில் சர்வீஸ் சென்டரின் வாதம் கேட்பதற்கு வலுவாக இருந்தது. ஹெட்லைட் வயரிங்கில் கை வைத்திருக்கிறார், பல்பு 100/90 வாட், அதனால் ஜன்னல், பூட்டு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூல் எரிந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி பல்பின் லோ பீம் 55 வாட். 12 வோல்ட்டில் ஒரு பல்பு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 9-க்கு மேல். புதிய பல்பின் லோ பீம் 90 வாட். அப்படியென்றால் ஒன்றுக்கு 7.5, இரண்டுக்கு 15. இந்த 15 ஆம்பியர் பழைய வயரிலும் சுவிட்சிலும் ஓடியிருந்தால் கனெக்டர் உருகியிருக்கும். அப்படி உருகிய பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் மறுப்பு நியாயமே. ஆனால் இந்த வண்டியில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் ரிலே போட்டிருந்தார். பேட்டரியிலிருந்து தனி வயர், அதற்குத் தனி ஃபியூஸ். பழைய ஹெட்லைட் வயர் ரிலேயின் காயிலை இயக்குவதற்கு மட்டும்தான். ஒரு காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. அதாவது இந்த மாற்றத்துக்குப் பிறகு கம்பெனி வயரிங்கின் மேல் இருந்த சுமை பல மடங்கு குறைந்திருந்தது. ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் கருகியது என்று யாராவது புகார் கொடுத்திருந்தால் நான் பல்பைத்தான் கைகாட்டியிருப்பேன். அந்த வாட்டில் பல்பு போட்டு ஓட்டுவதைப் பல நாட்டுச் சாலை விதிகள் அனுமதிக்காது என்பதையும் உரிமையாளரிடம் சொன்னேன். ஆனால் ஜன்னல் ஏறாததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் மாட்யூல் ஏன் போனது? டிரைவர் பக்கம் காலடியில் இருந்த பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினேன். மாட்யூலின் கனெக்டரைப் பிடுங்கியதும் பச்சை பூத்த பின்கள் வரிசையாகத் தெரிந்தன. செம்பில் தண்ணீர் பட்டுப் பட்டுக் காய்ந்தால் வரும் பச்சை. கார்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தது. அதில் குளத்தின் கரையில் தெரிவதுபோல வெள்ளைக் கோடு ஒன்று, தண்ணீர் ஏறி இறங்கிய அடையாளம்.

முன் கண்ணாடிக்குக் கீழே ஹோஸ் பைப்பைப் பிடித்து, வண்டிக்குள் ஒருவரை டார்ச்சோடு படுக்க வைத்தோம். 10 நிமிடத்துக்குள் "சார், சொட்டுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் தொழிற்சாலையில் பூசும் சீலர் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. அதன் மேல் பெயின்ட் மட்டும் அடித்திருந்தார்கள். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, நேராக மாட்யூலின் தலையில் விழுந்திருக்கிறது. ரிலே கிட் வயர் எந்த இடத்திலும் தகட்டைத் துளைத்து உள்ளே வரவில்லை என்பதையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். துளைத்திருந்தால் கதை மாறியிருக்கும். ஆக்சஸரி பொருத்தத் தகட்டில் போடும் ஒரு சின்ன ஓட்டை, தண்ணீர்க் கசிவு, துரு ஆகிய இரண்டு வாரண்டிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இதைவிடத் தெளிவான உற்பத்திக் குறை இருக்க முடியாது. மாட்யூல், கனெக்டர், சீலர் வேலை மூன்றும் வாரண்டியில் வர வேண்டும் என்று எழுதினேன். மேலாளர் அந்த இடைவெளியைத் தன் விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, அன்றே கம்பெனிக்குப் படம் அனுப்பினார்.

சக்கரத்து இரைச்சல்

இதுதான் எனக்குத் தலைவலி கொடுத்த பகுதி. பழைய வீல் 16 அங்குலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் பரப்புக்கும் உள்ள தூரம்) 45 மில்லிமீட்டர். புதியது 17 அங்குலம், ஆஃப்செட் 30. அதாவது சக்கரத்தின் நடுக்கோடு 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போயிருக்கிறது. டயரில் விழும் ஒவ்வொரு அடியும், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் ஹப் பேரிங்கை நெம்புகோல் போல நெம்பும். கை நீளமானால் நெம்பலும் கூடும். டயரின் பக்கச் சுவர் உயரம் குறைந்தால் பள்ளத்தின் அடியை அது விழுங்குவதும் குறையும். ஆகவே இங்கே மாற்றத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்க முடியும்.

பேரிங்கை வெட்டிப் பார்த்தோம். உள் வளையத்தில், குண்டுகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில், சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரே ஒரு பலத்த அடி வாங்கினால் இப்படித்தான் பதியும். உலோகம் உரிந்து வரவில்லை, கிரீஸ் நன்றாக இருந்தது. உற்பத்திக் குறைக்கான அடையாளம் எதுவும் இல்லை. அந்த வீலின் உள் விளிம்பிலும் ஒரு நசுங்கல் இருந்தது. ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியதை உரிமையாளரும் ஒப்புக்கொண்டார்.

பழைய வீலே இருந்திருந்தால் அதே பள்ளத்தில் பேரிங் பிழைத்திருக்குமா? அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இடது பக்கத்திலும் இதே வீல்தான், அந்த பேரிங்குக்கு எதுவும் ஆகவில்லை. நான் எழுதியது இது: வெளி அடியால் வரும் சேதம் வாரண்டியில் வராது, வீல் எதுவாக இருந்தாலும். அலாய் வீலைக் காரணமாகக் காட்டத் தேவையே இல்லை. சர்வீஸ் சென்டர் நல்லெண்ண அடிப்படையில் பேரிங்கை இலவசமாகத் தந்தது, கூலியை உரிமையாளர் கொடுத்தார். வாரண்டியைத் தாண்டி இப்படிக் கொடுக்கும் அதிகாரம் சில சர்வீஸ் சென்டர்களுக்கு உண்டு. ஒழுங்காக சர்வீஸ் செய்த பதிவு இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

சட்டம் கேட்கும் கேள்வி

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம். பொருளோடு சேர்த்து ஒரு குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ சேவையையோ வாங்கினால்தான் வாரண்டி என்று நிறுவனம் நிபந்தனை போடுவதை அது தடுக்கிறது; அவற்றை இலவசமாகத் தருவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2022-இல் அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் வாரண்டி வாசகங்களின் மேல் நடவடிக்கை எடுத்தது. வெளி உதிரிபாகம் போட்டாலும், வெளியே சர்வீஸ் செய்தாலும் வாரண்டி ரத்தாகாது என்று வாரண்டியிலேயே சேர்த்து எழுத வேண்டும் என்று உத்தரவானது.

இதைப் படித்துவிட்டு, எதை மாட்டினாலும் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. மாட்டிய பொருள்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால், அந்தப் பழுதுக்கு மட்டும் நிறுவனம் மறுக்கலாம். இந்த வண்டியின் பிஸ்டனுக்கு அந்தச் சட்டமும் உதவியிருக்காது; மாட்யூலுக்கு நிச்சயம் உதவியிருக்கும். மற்ற நாடுகளில் சட்டத்தின் வாசகம் வேறாக இருக்கும். வாரண்டிப் புத்தகத்தின் வாசகமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை முதலில் படித்துவிட வேண்டும். ஆனால் பழுதுக்கும் மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பெரும்பாலான மறுப்புகளின் பலம் அங்கேயே தெரிந்துவிடும்.

அதனால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாகம், எந்த மாற்றம், அது எப்படிச் சேதம் செய்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கழற்றிய கம்பெனி பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பொருத்திய அன்று எடுத்த படங்களும் பில்லும் இருக்கட்டும். டீலரிடமே ஆக்சஸரி போட்டிருந்தால் அந்த பில் தங்கம். பழுதான பிறகு எதையும் கழற்றி ஒளிக்காதீர்கள். இந்த உரிமையாளர் பெட்டியை ஒளித்ததால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய மாட்யூலையும் இழக்கப் பார்த்தார். ஒன்றில் பொய் சொல்கிறார் என்று சந்தேகம் வந்ததும், மூன்றிலும் பொய்தான் என்று சர்வீஸ் சென்டர் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஒரு பதிவைத் திருத்தியது

அறிக்கை கொடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சர்வீஸ் சென்டரின் கணினியில் இந்த வண்டியின் எண்ணுக்கு நேராக 'வாரண்டி ரத்து' என்று முதல் நாளே ஏற்றிவிட்டார்கள். அது முழு வண்டிக்கும் சேர்த்து. அந்த வரி அப்படியே இருந்தால், இன்னும் 10 மாதத்துக்கு வேறு எந்தப் பழுதோடு வேறு எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் திரையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆய்வும் அறிக்கையும் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேலாளரோடு உட்கார்ந்து அதை மாற்ற ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது, கம்பெனியின் ஒப்புதல் வர வேண்டியிருந்ததால். புதிய பதிவு இப்படி: "எஞ்சின், எரிபொருள் அமைப்பு, டர்போ: டியூனிங் பாக்ஸ் பயன்படுத்தியதால் வாரண்டி இல்லை. மற்ற பாகங்கள்: 3 ஆண்டு முடியும் வரை நடப்பில்." டர்போவைச் சேர்க்க வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டார். சேர்ப்பதுதான் சரி என்றேன்; அந்த ஒரு வருடச் சூடு முழுக்க அதன் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

எஞ்சின் வேலையின் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அலாய் வீல்கள் இன்னும் வண்டியில்தான் இருக்கின்றன. நான்கு மாதம் கழித்து ஏசி எவாப்பரேட்டரில் கேஸ் கசிந்தது. ஊர் மாறியிருந்ததால் வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே திரையைப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்களாம்.